பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வந்த படம்: 2024 தேர்தலில் தாராவித் தமிழ்க் குழு ஒன்றின் அனுபவம்

பின்னணி

மும்பை தாராவியில் எங்கள் பகுதித் தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 600 பேர். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பங்கள். கோவில் கொடை, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட், பள்ளிக்கூட அட்மிஷன், ரத்தம் தேவை, தண்ணீர் வராத நாள் என்று அன்றாடத் தேவைக்கான குழு. நிர்வாகிகள் ஐந்து பேர், அதில் நான் ஒருவன்.

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. தாராவி, மும்பை தென்மத்தியத் தொகுதிக்குள் வருகிறது. எங்களுக்கு மே 20, ஐந்தாம் கட்டம். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, முதல் கட்டம். இந்த ஒரு மாத இடைவெளி பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

தேதி வந்த அன்றே குழுவில் ஒரு விதி போட்டோம்: கட்சிச் செய்தி, வேட்பாளர் படம், தலைவர்களைத் திட்டும் படம் எதுவும் கூடாது. முந்தைய தேர்தலில் அப்படி ஒரு படத்தால் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போனதைப் பார்த்திருந்தோம். எங்கள் கவனமெல்லாம் சண்டை வரக்கூடாது என்பதில் இருந்தது.

வந்த படம்

ஏப்ரல் 17 இரவு, ஊரிலிருந்து வந்ததாக ஒரு படத்தை இளைஞர் ஒருவர் குழுவில் போட்டார். மஞ்சள் பின்னணி, மேலே அசோகச் சின்னம், நடுவில் மையிட்ட விரல், கீழே தெளிவான தமிழ். செய்தி இதுதான்: வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின்படி 'சேலஞ்ச் ஓட்டு' கேட்டுப் போடலாம். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' போடலாம். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு பதிவானால் அங்கே மறுவாக்குப்பதிவு நடக்கும். எல்லோருக்கும் பகிருங்கள்.

கட்சிப் பெயரோ சின்னமோ அதில் இல்லை. எங்கள் விதியைத் தாண்டி அது சுலபமாக உள்ளே வந்துவிட்டது. படத்தின் மேல், பலமுறை அனுப்பப்பட்டதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்தது. மறுநாள் காலையில் அதே படம் இன்னொருவரிடமிருந்து வந்தபோது அந்த அம்புக்குறி இல்லை. அவர் படத்தைப் போனில் சேமித்து, ஓரங்களை வெட்டி, புதிதாகப் போட்டிருந்தார். அப்படிப் போட்டால் குறி போய்விடும். பார்ப்பவருக்கு அவரே தயாரித்தது போலத் தெரியும். அடிக்கடி சுற்றும் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 முதல் வாட்ஸ்அப் வைத்திருக்கும் தடையும் இந்த வழியில் வேலை செய்யாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர், 18ஆம் தேதி மதியம் குழுவில் கேட்டார்: "இது சரிதானா? யாராவது பார்த்துச் சொல்லுங்கள்." யாரும் பதில் போடவில்லை. நானும் படித்தேன். சண்டை வரும் படம் இல்லை, ஏதோ பயனுள்ள தகவல் போல இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு அது. அதைச் செய்தது நான்.

இட்லிக்கார அம்மா சொன்னது

ஏப்ரல் 27, சனிக்கிழமை. கோவில் கமிட்டி வேலையாக வீடு வீடாகப் போனபோது, கூடவே ஓட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் விசாரித்தோம். விடியற்காலையில் இட்லி அவித்து வியாபாரத்துக்கு அனுப்பும் ஓர் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பேரு இல்லேன்னா என்ன தம்பி, ஆதாரு இருக்குல்லா. அன்னைக்குப் போய்க் கேட்டா குடுத்துருவாங்களாம். நம்ம குரூப்லதான போட்டிருந்தீங்க."

அதே சந்தில் இன்னும் மூன்று வீட்டில் கிட்டத்தட்ட அதே பதில். ஒருவர் மனு எழுதி வைத்திருந்தும், இனி தேவையில்லை என்று கொடுக்காமல் விட்டிருந்தார்.

அன்று இரவு நாட்களை எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. தேர்தல் நேரத்தில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வந்தால்தான் அந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கட்டத்துக்கு வேட்புமனுக் கடைசி நாள் மே 3. அதாவது படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 23. படம் வந்தது 17 இரவு. இடையில் ஆறு நாள் இருந்தது. பெயர் இல்லாதவர்கள் ஓடியாடி விண்ணப்பிக்க வேண்டிய அந்த ஆறு நாளும், கவலை வேண்டாம் என்று அந்தப் படம் அவர்களை உட்கார வைத்திருந்தது. ஏப்ரல் 19இல் ஓட்டுப் போடவிருந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் படம் வந்தபோது விண்ணப்பிக்கும் நாள் எப்போதோ முடிந்திருந்தது. எங்களுக்குத்தான் இன்னும் நேரம் இருந்தது, அதனால் நஷ்டமும் எங்களுக்குத்தான்.

படத்தில் இருந்ததும் சட்டத்தில் இருப்பதும்

அன்று இரவு அக்காவும் நானும் தேர்தல் நடத்தை விதிகள், 1961-ஐ எடுத்து வைத்துக்கொண்டு படித்தோம்.

49ஏ விதி, வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது 49ஜே. அது பெயர் இல்லாதவருக்கான வழி அல்ல. ஓட்டுப் போட வந்தவர் உண்மையில் அந்த ஆள்தானா என்று சந்தேகப்படும் ஒரு கட்சியின் சாவடி முகவர், 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்பலாம். சாவடி அதிகாரி அங்கேயே விசாரிப்பார். வாக்காளர் கேட்டு வாங்கும் ஓட்டு அது இல்லை.

டெண்டர் ஓட்டு 49பி (49P). இது உண்மையிலேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்து, அவர் போவதற்குள் வேறு யாரோ அவர் பெயரில் போட்டிருந்தால், கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லித் தன்னை நிரூபித்தால் ஒரு வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். அது இயந்திரத்தில் பதிவாகாது. தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். 14 சதவீதம், மறுவாக்குப்பதிவு என்று எந்த விதியும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 62ஆம் பிரிவு: தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டுப் போடும் உரிமை இல்லை. ஆதார் என்பது, பட்டியலில் இருப்பவர் தான் இன்னார் என்று காட்ட ஏற்கப்படும் அடையாளங்களில் ஒன்று. பட்டியலுக்கு அது மாற்று ஆகாது. கையில் வாக்காளர் அட்டையே இருந்தாலும் இதே நிலைதான்.

ஆக, ஒரு பாதி உண்மை, ஒரு தவறான எண், ஒரு முழுப் பொய் மூன்றும் ஒரே படத்தில் இருந்தன. அந்தப் பாதி உண்மைதான் மற்ற இரண்டையும் சுமந்து வந்தது என்பது என் கணிப்பு. தமிழர்களிடம் அது இன்னும் கூடுதலாக வேலை செய்திருக்கும். 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படத்தின் கதையே, தன் ஓட்டை வேறு ஆள் போட்டுவிட்டதால் நாயகன் 49பி கேட்பதில்தான் தொடங்குகிறது. "படத்துலயே வந்ததே" என்று எங்களிடம் பலர் சொன்னார்கள். அதில் தவறில்லை, அவர்கள் பார்த்தது 49பி. இங்கே வந்தது அதன் பக்கத்தில் ஒட்டவைத்த வேறொன்று.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

28ஆம் தேதி காலையில் நான் அவசரப்பட்டு ஒரு நீண்ட விளக்கம் எழுதிப் போட்டேன். விதி எண்கள் எல்லாம் இருந்தன. பார்த்தவர்கள் நிறையப் பேர், பதில் எழுதியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், இதை எந்தக் கட்சி எழுதச் சொன்னது என்று கேட்டார். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் மூன்று திரை நீளத்துக்கு எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை ஐந்து பேரும் கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். படத்தை நீக்கிவிட்டு, போட்டவரை வெளியேற்ற வேண்டும் என்றார் ஒருவர். போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். படத்தின் மேல் சிவப்பில் 'பொய்' என்று முத்திரை குத்திச் சுற்றவிடலாம் என்றேன் நான். அக்கா மூன்றையும் மறுத்தார். போட்ட பையன் அதைத் தயாரித்தவன் இல்லை. நாலு பேருக்கு உதவட்டும் என்று போட்டவன். அவனை வெளியேற்றினால் அவன் சொல்லைக் கேட்கிற ஐம்பது பேர் அவன் பக்கம் நிற்பார்கள். முத்திரை குத்தினாலும் சின்னத் திரையில் கண்ணில் படப்போவது அதே மஞ்சள் படமும் அதே விரலும்தான். யாராவது ஓரத்தை வெட்டிவிட்டால் முத்திரையும் போய்விடும்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. அந்த இளைஞரைக் குழுவில் வைத்துக் கேட்காமல் நேரில் போய்ப் பார்த்தோம். விதிப் புத்தகத்தைக் காட்டினோம். அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய மாமியார் பெயரும் பட்டியலில் இல்லையாம். அன்றிரவே அவர் தன் குரலில், "நான் போட்ட படம் தப்பு, அதை நம்பி யாரும் போய் நிற்காதீங்க" என்று பதிவு செய்து போட்டார். அதோடு கோவில் கமிட்டிப் பெரியவர், எல்லோரும் அண்ணாச்சி என்று மதிப்பவர், நெல்லைப் பேச்சில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு குரல் பதிவு கொடுத்தார். அதில் விதி எண் ஒன்றுகூட இல்லை. "பேரு லிஸ்ட்ல இருக்கான்னு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கிடுங்க. இல்லாம அங்க போயி வெயில்ல நிக்காதீங்க." என் மூன்று திரைக் கட்டுரைக்கு வராத பதில்கள் அதற்கு வந்தன.

படத்தை எல்லோருக்குமாக நீக்கினோம். ஆனால் அதற்குள் அது எங்கள் குழுவிலிருந்து எத்தனை குழுக்களுக்குப் போயிருந்தது என்பதை அறிய எங்களுக்கு வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசை

மே 5, மே 12 இரண்டு ஞாயிறும் கோவில் முன்னால் ஒரு மேசை போட்டு, இரண்டு போன்களோடு உட்கார்ந்தோம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தேடல் பக்கத்தில் ஒவ்வொருவராகப் பார்த்தோம். 38 பேர் வந்தார்கள், எல்லோரும் பெயர் இல்லை என்று நம்பி வந்தவர்கள்.

அதில் 21 பேர் பெயர் பட்டியலில் இருந்தது. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காரணம் தமிழ்ப் பெயர்கள். இங்கே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பதிவு செய்தவர்கள் எதையோ எங்கேயோ போட்டுவிட்டார்கள். சுடலைமுத்துவின் மனைவி முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'லட்சுமி' குடும்பப் பெயராகவும் 'முத்து' சொந்தப் பெயராகவும் இருக்கும், அதுவும் தேவநாகரியில். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேடினால் உடனே வந்துவிடும். இந்த 21 பேரில் 8 பேருக்குச் சாவடி மாறியிருந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்கே போயிருந்தால், பெயர் இல்லை என்று திரும்பியிருப்பார்கள்.

மீதி 17 பேருக்கு உண்மையாகவே பெயர் இல்லை. அறை மாறியவர்கள், டிரான்ஸிட் கேம்ப் என்ற தற்காலிகக் குடியிருப்புக்குப் போய் வந்தவர்கள், இதுவரை பதிவே செய்யாதவர்கள். அவர்களிடம், இந்த முறை வழியில்லை, தேதி முடிந்துவிட்டது என்று சொல்வது கடினமாக இருந்தது. இட்லிக்கார அம்மாவும் அதில் ஒருவர். "அப்ப நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாம்லா" என்றார். சொல்லியிருக்கலாம்தான். தேர்தல் முடிந்த பிறகு பரிசீலிப்பார்கள் என்று சொல்லி, 17 பேருக்கும் படிவங்களை அங்கேயே நிரப்பினோம்.

இடையில் இன்னொரு படம் வந்தது: ஓட்டுப் போடாவிட்டால் வங்கிக் கணக்கில் 350 ரூபாய் பிடிப்பார்கள் என்று ஒரு ஹிந்திப் பத்திரிகை நறுக்கு. 2019 ஹோலிக்கு விளையாட்டாக அச்சான செய்தி அது. அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டோம், பெரிய பாதிப்பில்லை.

கடைசி 48 மணி நேரம்

மே 18 மாலை 6 மணியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. அன்றிரவே அந்த மஞ்சள் படம் திரும்பி வந்தது. இப்போது மேலே 'தாராவி வாக்காளர்கள் கவனத்துக்கு' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. யாரோ நம் பகுதிக்கென்றே திருத்தியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்திலா, நல்ல எண்ணத்திலா, தெரியாது. இந்த முறை 40 நிமிடத்தில் அண்ணாச்சியின் குரல் மறுபடியும் குழுவில் இருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு மற்ற உறுப்பினர்களே பதில் சொன்னார்கள். அந்த 21 பேரில் சிலர், "எனக்கும் பேரு இல்லைன்னுதான் நினைச்சேன், அட்டை நம்பர் போட்டுப் பாருங்க" என்று எழுதினார்கள். எங்கள் விளக்கத்தைவிட அவர்கள் வார்த்தை நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

மே 20

திங்கட்கிழமை, கடும் வெயில், வரிசை மெதுவாக நகர்ந்தது. பெயர் கண்டுபிடிக்கப்பட்ட 21 பேரில் 18 பேர் ஓட்டுப் போட்டதை உறுதி செய்தோம். மற்ற மூவர் பிள்ளைகளின் விடுமுறைக்காக ஊருக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் மேசைக்கு வராத நான்கு பேர், ஆதார் அட்டையோடு சாவடிக்குப் போய்த் திரும்பி வந்தது மாலையில் தெரிந்தது. அதில் ஒரு கொத்தனார் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார், அன்றைய கூலியும் போயிற்று. அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. படத்தை அவர் பார்த்ததே இல்லை. டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். போனில் வந்தது போனைவிட்டு இறங்கிப் பேச்சாகிவிட்டது. நாங்கள் போனுக்குள்ளேயே அதைத் துரத்திக்கொண்டிருந்தோம்.

அதே நாளில் ஒரு பெண்ணுக்கு உண்மையாகவே அவர் ஓட்டு முன்பே போடப்பட்டிருந்தது. அவர் 49பி-ஐச் சொல்லிக் கேட்டு, வாக்குச்சீட்டு வாங்கிப் போட்டார். அது சாதாரணமாக எண்ணப்படாது என்று முன்பே எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். "பரவாயில்லை, நான் வந்தேன்னு ஒரு பதிவு இருக்கட்டும்" என்றார். டெண்டர் ஓட்டையும் சேர்த்து மொத்தமாகப் பொய் என்று நாங்கள் அறிவித்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

மறுபடி செய்வதானால்

எங்கள் விதியே தவறான இடத்தைக் காவல் காத்தது. கட்சிப் படம் வந்தால் பத்து நிமிடத்தில் நீக்கும் நாங்கள், ஓட்டுப் போடும் முறையைப் பற்றிய படத்தை ஒன்பது நாள் கவனிக்கவில்லை. இப்போது விதி மாறியிருக்கிறது: எப்படி, எங்கே, எந்த அட்டையோடு ஓட்டுப் போடுவது என்று சொல்லும் படம் எதுவானாலும், நிர்வாகிகளில் ஒருவர் அன்றே 1950 உதவி எண்ணிலோ பகுதியின் சாவடி நிலை அலுவலரிடமோ கேட்டுப் பதில் போட வேண்டும். அக்கா கேட்டது போல ஒருவர் சந்தேகம் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்தப் படம் குழுவில் இருக்கக் கூடாது.

மேசையை ஏப்ரல் முதல் வாரமே போட்டிருக்க வேண்டும். பெயர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவரிடம் அந்தப் படம் எடுபடாது. டீக்கடை, தண்ணீர்க் குழாய், கட்டடத் தொழிலாளர்கள் காலையில் கூடும் நாக்கா, இந்த இடங்களுக்கு ஆள் போயிருக்க வேண்டும். போனில்லாதவர்களுக்கு நாங்கள் எதுவுமே செய்யவில்லை.

நவம்பர்

மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. வேட்புமனுக் கடைசி நாள் அக்டோபர் 29 என்பதால், படிவம் 6 கொடுக்க அக்டோபர் 19 வரைதான் நேரம். அறிவிப்புக்கும் கெடுவுக்கும் இடையில் நான்கே நாள். இந்த முறை நாங்கள் ஆகஸ்டிலேயே மேசை போட்டிருந்தோம். கொத்தனாரை நேரில் போய் அழைத்து வந்தோம்.

பழைய 17 பேரில் 12 பேர் பெயர் நவம்பர் 20க்கு முன் பட்டியலில் ஏறிவிட்டது. இட்லிக்கார அம்மா காலை வியாபாரத்தை முடித்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டு, மையிட்ட விரலோடு எங்கள் பக்கம் வந்து காட்டிவிட்டுப் போனார். இருவர் ஊரோடு போய்விட்டார்கள். மற்ற மூவரின் விண்ணப்பம் முகவரிச் சான்று போதாது என்று நின்றுவிட்டது. வாய்மொழியாக வாடகைக்கு இருப்பவர்கள், அறை உரிமையாளர் எழுதிக் கொடுக்க மறுக்கிறார். அந்த மூவருக்காக இப்போது மூன்றாவது முறையாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.